தளத்தின் சுமைதாங்குதிறன்

தளத்தின் சுமைதாங்குதிறன் என்பது ஒரு கட்டிடத்தின் தளம் பாதுகாப்பாகத் தாங்கக்கூடிய பொருட்சுமையின் அளவு ஆகும். இது சதுர மீட்டருக்குக் கிலோநியூட்டன் எனக் குறிக்கப்படுகிறது. பழைய கடைகளைக் கிடங்குகளாக மாற்றும்போது இதனை மதிப்பிடுதல் இன்றியமையாதது.

சீர்தரம்

இந்தியச் சீர்தரமான ஐ.எஸ். 875 (பகுதி 2, 1987) சில்லறைக் கடைகளுக்கு 4 கிலோநியூட்டனும், கிடங்குகளுக்குக் குறைந்தது 7.5 கிலோநியூட்டனும் எனக் கொள்கிறது. 4 கிலோநியூட்டன் ஏறத்தாழ 400 கிலோகிராம், அதாவது எட்டு சிமெண்ட் மூட்டைகளின் எடை.

மதிப்பிடல்

தமிழ்நாட்டின் பழைய கட்டிடங்கள் பலவற்றில், தேக்குக் கட்டைகளின் மேல் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் பதித்த 'மெட்ராஸ் டெரஸ்' தளங்கள் உள்ளன. சுவரினுள் பதிந்த கட்டை முனைகள் ஈரத்தாலும் கறையானாலும் சிதைந்திருப்பது வெளியே தெரியாது. அவற்றைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

கற்காரைத் தளத்தில் ஐயமிருப்பின், ஐ.எஸ். 456 (2000) கூறும் முறைப்படி, பொருட்சுமையின் 1.25 மடங்கு 24 மணிநேரம் ஏற்றிவைக்கப்படுகிறது. சுமையை நீக்கிய 24 மணிநேரத்தில் தொய்வு 75% மீள வேண்டும்.