கேப்டன் சொன்னதும் காவலர் கண்டதும்

1886 செப்டம்பர் 15. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் நள்ளிரவு கடந்து இரண்டு மணி. எஸ்கனாபா துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சிகாகோவுக்குக் கிளம்பிய ‘எஃப். ஜே. கிங்’ என்ற மூன்று பாய்மர ஸ்கூனர் புயலில் சிக்கியிருந்தது. அலைகள் மோதியதில் பலகை மூட்டுகள் பிளந்து உள்ளே தண்ணீர் ஏறியது. மாலுமிகள் மணிக்கணக்கில் இறைத்தும் தீரவில்லை. கேப்டன் வில்லியம் கிரிஃபின் எல்லோரையும் சிறு படகில் இறங்கச் சொன்னார். கப்பல் முன்பக்கம் குப்புற ஏரிக்குள் இறங்கியபோது, உள்ளே அடைபட்ட காற்று பின்பக்க அறையைப் பிய்த்து எறிந்தது. கேப்டனின் காகிதங்கள் ஐம்பது அடி உயரத்துக்குப் பறந்தன. அந்த வழியாக வந்த ‘லா பெட்டிட்’ என்ற இன்னொரு ஸ்கூனர் அவர்களைத் தூக்கிக்கொண்டு பெய்லிஸ் ஹார்பர் என்ற சிற்றூரில் கரைசேர்த்தது.

ஆட்கள் பிழைத்தார்கள். பார்த்த சாட்சிகள் இருந்தார்கள். ஆனாலும் கப்பல் கிடந்த இடம் 139 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

வீராணம், செம்பரம்பாக்கம் என்று பழகிய நமக்கு ‘ஏரி’ என்ற சொல் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். மிச்சிகன் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நடுவில் நின்றால் கரை தெரியாது. இதையும் சேர்த்து ஐந்து பேரேரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் கோதுமை, மரம், நிலக்கரி, இரும்புத்தாது எல்லாம் இவற்றின் வழியாகத்தான் போயின. இன்றைய லாரிகளின் வேலையை அன்று ஸ்கூனர்கள் செய்தன.

பெரிய கடற்கப்பல்களில் சதுரப் பாய்கள் குறுக்குவாக்கில் தொங்கும். ஸ்கூனரில் பாய்கள் கப்பலின் நீளவாக்கில் விரியும். பாய்மரம் ஏறாமல், தளத்தில் நின்றபடியே கயிற்றை இழுத்து அவற்றைத் திருப்பலாம் என்பதால் ஏழெட்டு ஆட்களே போதும். முதலாளிக்குக் கூலி மிச்சம். துறைமுகங்கள் ஆழமில்லாதவை என்பதால் அடிப்பகுதியில் தூக்கி இறக்கக்கூடிய ஒரு பலகையும் உண்டு: நடு ஏரியில் இறக்கினால் கப்பல் காற்றுக்குப் பக்கவாட்டில் ஒதுங்காது, கரைக்கு வரும்போது தூக்கிக்கொள்ளலாம்.

நயாகரா அருவியைச் சுற்றிக் கடக்க வெட்டிய வெல்லண்ட் கால்வாய் கப்பல்களின் உருவத்தையே தீர்மானித்தது. கப்பலை ஏற்றி இறக்கும் அதன் பூட்டுத் தொட்டிகள் அன்று 150 அடி நீளம். அவற்றுக்குள் அடங்க வேண்டும் என்பதால் நூற்றுக்கணக்கான ஸ்கூனர்கள் ஏறத்தாழ 140 அடி நீளத்தில், ஒரே அச்சில் வார்த்தவைபோல எழுந்தன. ஆய்வாளர்களுக்குத் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. இவற்றில் பலவற்றுக்கு வரைபடமே கிடையாது. கட்டியவர்கள் மரத்தில் ஒரு பாதி மாதிரியைச் செதுக்கி, அதிலிருந்து அளவெடுத்துக் கண் மதிப்பில் கட்டிவிடுவார்கள். புகைப்படமும் அபூர்வம். நேற்று வந்த லாரியை யார் படம் எடுத்து வைப்பார்கள்?

ஆனால் அரசாங்கமும் காப்பீட்டுக்காரரும் பத்திரிகையாளரும் தங்கள் தங்கள் காரியத்துக்காகக் குறித்து வைத்தவை இருக்கின்றன. முதலாவது சுங்க அலுவலகப் பதிவு. கப்பல் கை மாறினாலோ பதிவுத் துறைமுகம் மாறினாலோ பழைய சான்றைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். ஏன் திருப்பித் தருகிறார்கள் என்ற காரணத்தையும் எழுத வேண்டும். கடைசிச் சான்றில் ‘கப்பல் மூழ்கியது’ என்ற குறிப்பு இருந்தால், அது ஏறக்குறைய ஓர் இறப்புச் சான்றிதழ். 1867 முதல் ஒவ்வொரு கப்பலுக்கும் அரசு ஒரு நிரந்தர எண் கொடுத்தது. அந்த எண்ணையும் டன் அளவையும் முக்கிய உத்தரத்தில் செதுக்கியாக வேண்டும் என்பது சட்டம். கப்பலின் பெயர் மாறினாலும் எண் மாறாது.

அதற்கு முந்தைய கப்பல்களைத் தேடுவது பெரும் பாடு. ஒரே பெயரில் பல கப்பல்கள் இருக்கும். நிருபர்கள் எழுத்துப் பிழையோடு அச்சிடுவார்கள். 1864இல் டன் கணக்கிடும் முறையையே மாற்றினார்கள். அதனால் ஒரே கப்பல் இரண்டு பட்டியல்களில் இரண்டு டன் அளவோடு நிற்கும். புதிதாக வருபவர் இரண்டு கப்பல்கள் என்றே நம்பிவிடுவார். சிகாகோ சுங்க அலுவலகமோ 1871 பெருந்தீயில் எரிந்துபோனது.

காப்பீட்டுக்காரர்களின் ஏடுகள் இன்னும் சுவையானவை. கப்பலின் நிலையைப் பார்த்து ஏ1, ஏ2, பி1 என்று தரம் போடுவார்கள். சில ஆண்டு ஏடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு கப்பல் தரம் தாழ்ந்து வருவதும், உரிமையாளர் பழுதுபார்க்கப் பணம் செலவழித்தாரா இல்லையா என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடைசியாக நாளிதழ்கள்: துறைமுகத்துக்கு வந்தவை, கிளம்பியவை, என்ன சரக்கு என்று அன்றாடம் சின்னஞ்சிறு எழுத்தில் போட்ட பட்டியல்கள். படிக்கக் கண் வலிக்கும். ஆனால் ஒரு ஸ்கூனரின் வாழ்க்கையை நாள்வாரியாகத் தொகுக்க இதைவிட்டால் வேறு வழி இல்லை.

கிங் விஷயத்தில் காகிதம் குறைவாக இல்லை. இருந்த காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கப்பல் பெய்லிஸ் ஹார்பரிலிருந்து ஐந்து மைல் தூரத்தில் மூழ்கியது என்றார் கேப்டன். கலங்கரை விளக்கக் காவலர் வில்லியம் சாண்டர்சனோ, கரைக்கு இன்னும் அருகில் தண்ணீருக்கு மேலே பாய்மர நுனிகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததாகத் தெரிவித்தார். யாரை நம்புவது? கப்பலைத் தெரிந்தவர் கேப்டன்தானே என்று தேடியவர்கள் பலர் ஆழமான பக்கத்தையே துழாவினார்கள். மீனவர்கள் தங்கள் வலையில் கப்பல் துண்டுகள் சிக்கியதாகச் சொல்லிவந்தார்கள். 1970களில் ஒரு முக்குளிப்பாளர் சங்கம் ஆயிரம் டாலர் பரிசுகூட அறிவித்துப் பார்த்தது. பலனில்லை. ‘பேய்க்கப்பல்’ என்ற பெயர்தான் மிச்சம்.

வரலாற்றாய்வாளர் பிரெண்டன் பெய்லோட் காவலரின் பக்கம் சாய்ந்தார். புயல் இருட்டில், காற்றோடு ஒதுங்கிக்கொண்டே போகும் கப்பலில் நின்று தூரத்தைக் கணிப்பது யாருக்கும் கடினம். காவலரோ அசையாத ஓரிடத்தில் நின்று, தினமும் பார்க்கும் நீர்ப்பரப்பைப் பார்த்தவர். சாண்டர்சன் குறிப்பிட்ட இடத்தைச் சுற்றி இரண்டு சதுர மைல் கட்டம் போட்டுக்கொண்டு, விஸ்கான்சின் நீரடித் தொல்லியல் சங்கத்தின் ஆர்வலர்கள் சுமார் இருபது பேருடன் 2025 ஜூன் 28 அன்று படகில் போனார். ஒலியலையை அனுப்பி ஏரித்தரையைப் படம்பிடிக்கும் பக்கவாட்டு சோனார் கருவியை இழுத்துச் சென்றார்கள். முதல் இரண்டு மணி நேரத்திலேயே ஏறத்தாழ 140 அடி நீளத்தில் ஓர் உருவம் திரையில் விழுந்தது. பதிவேட்டில் கிங்கின் நீளம் 144 அடி. காவலர் சொன்ன இடத்திலிருந்து அரை மைலுக்குள்தான் கப்பல் கிடந்தது. இரும்புத்தாதுவின் எடையில் நொறுங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். உடல் முழுதாக இருந்தது.

அதற்காகக் கேப்டன்களை நம்பாதே என்று விதி எழுதிவிட முடியாது. 1881 மே மாதம் இதே கரையோரம் அல்கோமா அருகே மூழ்கிய ‘ட்ரினிடாட்’ ஸ்கூனரை 2023இல் கண்டுபிடித்தவர்களில் பெய்லோடும் ஒருவர். அங்கே தேடும் இடத்தைக் குறுக்கிக் கொடுத்ததே கேப்டன் ஜான் ஹிக்கின்ஸ் விட்டுச்சென்ற விவரிப்புதான். கப்பல் சுமார் 270 அடி ஆழத்தில், தட்டுகள் அடுக்கியபடியே இருக்கும் அறையோடு நிற்கிறது. அதன் மாலுமிகள் தப்பினார்கள். அவர்களுடைய நாய் தப்பவில்லை.

மரக்கப்பல் இவ்வளவு காலம் நிற்பதற்குக் காரணம் எளிது. உப்புக்கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு இந்த நன்னீரில் வாழாது. ஆழத்தில் குளிர் மரத்தைக் காக்கிறது. ஆனால் மேலே தூக்கினால் கதை வேறு. 1864இல் இந்த ஏரியின் கிரீன் பே வளைகுடாவில் மூழ்கிய ‘ஆல்வின் கிளார்க்’ ஸ்கூனரை 1967இல் ஒரு முக்குளிப்பாளர் கண்டார். 1969இல் ஆரவாரமாகத் தூக்கி, மெனாமினி நகரில் காட்சிக்கு வைத்தார்கள். நூறாண்டு ஊறிய மரம் காற்றுப்பட்டதும் சிதையத் தொடங்கியது. பாதுகாக்கப் பணம் சேரவில்லை. 1994இல் இடித்து அகற்றிவிட்டார்கள். ஏரி பத்திரமாக வைத்திருந்ததை மனிதர்கள் கால் நூற்றாண்டில் தீர்த்தார்கள் என்பதே இதில் நேர்மையான கணக்கு.

இப்போது எவரும் தூக்குவதில்லை. ஆயிரக்கணக்கான படங்களை இணைத்துக் கணினியில் முப்பரிமாண மாதிரி செய்துவிட்டு, கப்பலை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அதற்கும் அவசரம் உண்டு. சரக்குக் கப்பல்கள் தள்ளாடாமல் இருக்க அடியில் ஏற்றும் எடைநீரோடு ஐரோப்பாவிலிருந்து வந்துசேர்ந்த குவாகா மட்டிகள் 1997 முதல் மிச்சிகன் ஏரியில் பரவி, கப்பல்களின்மேல் தடிமனாக ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் பாரத்தில் பலகைகள் முறிகின்றன. உத்தரத்தில் செதுக்கிய எண்ணும் அவற்றுக்கு அடியில் மறைந்துவிடுகிறது.