பிடுங்கச் சொல்வதற்கு முன்

குழந்தைக்கு ஆறு வயது நடக்கும்போது, பால் பல் வரிசைக்குப் பின்னால் மேலும் கீழுமாக நான்கு புதிய பற்கள் முளைக்கின்றன. இவற்றுக்கு இடம்விட எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. அதனால் பல வீடுகளில் இவை வந்ததே தெரிவதில்லை. தெரிந்தாலும், ‘பால் பல்தானே, விழுந்து முளைச்சிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள். இவை விழுந்து முளைக்காது. ஆயுசு முழுக்கச் சோற்றையும் முறுக்கையும் நாம் அரைக்கப் போவது இந்த முதல் கடைவாய்ப்பற்களை வைத்துத்தான். இவற்றின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. அவற்றுக்குள் பிரஷ் நுழையாது. குழந்தையின் கையும் அவ்வளவு தூரம் சரியாக எட்டாது. முப்பது வயதுக்காரர் ஒருவர் வாயைத் திறந்து ‘ஒரு பல் போயிடுச்சு’ என்று காட்டினால், அது கீழ்த்தாடையில் உள்ள இந்தப் பல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்தப் பல் போன கதையைக் கேட்டால் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே சொல்வார்கள். வலித்தது, மாத்திரை போட்டேன், நின்றது. சில மாதம் கழித்து மறுபடி வலித்தது, மறுபடி மாத்திரை. ஒருநாள் ராத்திரி தாங்கவே முடியவில்லை. விடிந்ததும் போய் ‘புடுங்கிடுங்க டாக்டர்’ என்றேன். நம் பற்களைப் பற்றிய முடிவுகளை நாம் எடுப்பதில்லை, வலிதான் எடுக்கிறது. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு, ஏனென்றால் பல் விஷயத்தில் வலியைப் போல நம்ப முடியாத வழிகாட்டி வேறில்லை.

வாயில் வாழும் பாக்டீரியாக்கள் நாம் தின்னும் இனிப்பையும் மாவுப்பொருளையும் அமிலமாக்குகின்றன. பல்லின் மேலுறையான எனாமல், உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதுகூட பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கிவிடும். எச்சில் அந்த அமிலத்தை முறித்து, கரைந்த தாதுக்களில் ஒரு பகுதியைத் திரும்பப் படியவைக்கும். இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் தேவை. அதற்குள் அடுத்த டீயும் பிஸ்கட்டும் வந்துவிட்டால் எச்சிலுக்கு அவகாசமே கிடைப்பதில்லை. சுவீடனில் லுண்ட் நகரத்து விப்பெஹோம் மருத்துவமனையில் 1945 முதல் நடந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. எவ்வளவு இனிப்பு தின்றார்கள் என்பதைவிட எத்தனை முறை தின்றார்கள், அது எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருந்தது என்பதே முக்கியம். மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு ஒட்டும் மிட்டாயைக் கொடுத்து, அவர்கள் பற்களைச் சிதைத்து அறிந்த உண்மை அது. அவர்களை நினைக்காமல் அந்த ஆய்வைப் பேசக் கூடாது. சர்க்கரை போட்ட டீயை நாளுக்கு ஐந்தாறு முறை குடிப்பவர்கள், வேறெதையும் குறைக்க முடியாவிட்டாலும், இடையிடையே குடிக்கும் டீயில் சர்க்கரையைக் குறைத்தால் பல்லுக்குப் பெரிய உபகாரம். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் கறுத்துப்போவதும் இதே கணக்கில்தான்.

எனாமலில் நரம்பு கிடையாது. ஆகவே சொத்தை அதோடு நிற்கும்வரை வலியும் கிடையாது. வெள்ளைத் திட்டாகத் தெரியும் அந்த ஆரம்ப நிலையில், ஃபுளோரைடு பேஸ்ட்டும் சாப்பாட்டு ஒழுங்கும் அதை நிறுத்திவிட முடியும், டிரில் தேவையில்லை. பள்ளங்களுக்குள் தொடங்கும் சொத்தை அப்படித் தெரிவதில்லை. வெளியே ஊசிமுனை அளவு கறுப்பு, உள்ளே டென்டின் அடுக்கில் பெரிய குழி. இதற்காகத்தான் கடைவாய்ப்பல் முழுதாக வெளிவந்ததும், ஆறேழு வயதில், அந்தப் பள்ளங்களைச் ‘சீலண்ட்’ கொண்டு அடைக்கச் சொல்கிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. குழந்தையை முதன்முறை பல் டாக்டரிடம் கூட்டிப்போவது அழுகையோடும் வீக்கத்தோடும் இல்லாமல் இப்படி ஒரு வேலைக்காக இருந்தால், அந்த நாற்காலியின் மேல் வாழ்நாள் பயம் ஒன்றும் தவிரும். பேஸ்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்களில் பற்களில் காணும் பழுப்புக் கறை சொத்தை அல்ல; பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரால் வந்தது. அதை டிரில் போட்டு அடைக்கத் தேவையில்லை. அழகுக்காகச் சரிசெய்வதா என்பது அவரவர் விருப்பம்.

சொத்தை எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் போகும்போது வலி பேசத் தொடங்குகிறது. அது என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீரென்று ஒரு கூச்சம், சில விநாடிகளில் போய்விடுகிறது என்றால், பல்லின் உள்ளே ரத்தமும் நரம்பும் உள்ள பற்கூழ் இன்னும் பிழைக்கும் நிலையில் இருக்கலாம். சொத்தையைச் சுரண்டி ஃபில்லிங் வைத்தால் முடிந்துவிடும். அதே கூச்சம் நிமிடக்கணக்கில் நீடித்து, சூடான காபிக்கும் வலித்து, படுத்தால் விண்விண்ணென்று தெறித்து, எந்தப் பல் என்றே காட்ட முடியாமல் காதுவரை இழுத்தால், பற்கூழைக் காப்பாற்றும் கட்டம் பெரும்பாலும் கடந்துவிட்டது. பற்கூழைச் சுற்றிலும் கெட்டியான சுவர். வீங்க இடமில்லாமல் அது நெரிபடுகிறது. கிராம்பு வைத்தால் கொஞ்ச நேரம் அடங்கும். கிராம்பிலுள்ள யூஜெனாலுக்கு மரத்துப்போகச் செய்யும் குணம் உண்மையிலேயே உண்டு. பல் மருத்துவர்களும் தற்காலிக அடைப்புக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றினாலும் ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து வைத்தாலும் ஈறு வெந்து புண்ணாகும்.

பிறகு ஒருநாள் வலி தானாக நின்றுவிடும். ‘சரியாயிடுச்சு’ என்று எல்லாரும் நிம்மதி அடைவது அன்றைக்குத்தான். நரம்பு செத்துவிட்டது, அதனால் வலிக்கவில்லை. உள்ளே கிருமிகள் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சில மாதத்திலோ சில வருடத்திலோ கடித்தால் வலி, ஈறில் ஒரு சீழ்க்கட்டி, கன்னத்தில் வீக்கம் என்று அது வெளிப்படும்.

இங்கே மருந்துக்கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல்வலி என்றதும் ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையுமாக ஒரு கலவையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். செத்துப்போன பற்கூழுக்கு ரத்த ஓட்டமே இல்லை. மருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பல்வலிக்கு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தேவை, பல்லைத் திறந்து சுத்தம் செய்வது. அதே சமயம் தாடைக்கு அடியில் இருபக்கமும் வீங்கி, விழுங்க முடியாமல், நாக்கு மேலே தூக்கி, மூச்சு திணறினால் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் வாயின் அடித்தளத்துக்குப் பரவி மூச்சுக்குழலை நெருக்கும் நிலை அது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

சரி, பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். ரூட் கெனாலா, பிடுங்குவதா? இந்தக் கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது, ஆனால் விடையைத் தீர்மானிப்பவை எவை என்பது தெரியும். ஈறுக்கு மேலே நல்ல பல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? வேர் பிளந்திருக்கிறதா? வேரைப் பிடித்திருக்கும் எலும்பு உறுதியாக இருக்கிறதா? எதிர்த்தாடையில் இதோடு சேர்ந்து அரைக்கப் பல் இருக்கிறதா? இவற்றை வலியின் அளவு சொல்லாது, எக்ஸ்ரே சொல்லும். இப்போது பல கிளினிக்குகளில் கணினித் திரையிலேயே படம் தெரிகிறது. ‘எனக்கும் காட்டுங்க டாக்டர், சொத்தை எதுவரைக்கும் போயிருக்கு?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பெரும்பாலான டாக்டர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். நோயாளி புரிந்துகொண்டு சம்மதிப்பது அவர்களுக்கும் நல்லது. என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை வருடம் தாங்க வாய்ப்பு, இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று மூன்றையும் கேட்டுவிட வேண்டும். மூன்றாவது கேள்வியை நாம் கேட்பதே இல்லை. ‘ஆறு மாசம் பார்க்கலாம்’ என்பதே சில பற்களுக்குச் சரியான பதிலாக இருக்கும். ஒரே உட்காரலில் எட்டு ஃபில்லிங், நான்கு ரூட் கெனால் என்று பட்டியல் நீண்டால், வலியோ வீக்கமோ இல்லாத பட்சத்தில், எக்ஸ்ரேயை போனில் வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் காட்டுவதில் தவறே இல்லை.

ரூட் கெனாலுக்கு உள்ள கெட்ட பெயர் பழைய காலத்தது. நன்றாக மரத்துப்போக ஊசி போட்டால், தாங்க முடியாத அந்த ராத்திரியில் அனுபவித்த அளவுக்கு வலி இருக்காது. கீழ் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர்கள், அவற்றுக்குள் மூன்று அல்லது நான்கு கால்வாய்கள். தலைமுடி நுழையும் அளவு குறுகிய அவற்றைக் கண்டுபிடித்து, நுனிவரை சுத்தம் செய்து, கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் அடைக்கிறார்கள். ஒரு கால்வாய் விடுபட்டால் சிகிச்சை தோற்கக்கூடும். நம் ஊர் கிளினிக்குகள் பலவற்றில் இந்த வேலைக்கென எம்.டி.எஸ். படித்த நிபுணர் வாரத்தில் சில நாள் வந்து செய்து தருகிறார். ‘யார் பண்ணுவாங்க?’ என்று கேட்டுவைத்து, அவர் வரும் நாளில் போகலாம்.

இதில்தான் பணம் போட்டும் பல்லை இழக்கும் பெரிய சோகம் நடக்கிறது. ரூட் கெனால் முடிந்ததும் வலி போய்விடும். அந்தப் பல்லை மூடும் கேப் போடத் தனிக் கட்டணம். ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று போனவர் வருவதில்லை. சொத்தையும் சிகிச்சைத் துளையும் போக மிஞ்சிய கடைவாய்ப்பல், விளிம்பு மட்டும் நிற்கும் மண்பானை மாதிரி. ஒருநாள் கறி எலும்பையோ சீடையையோ கடிக்கும்போது வேர்வரை பிளந்துவிடும். அப்படிப் பிளந்த பல்லைப் பிடுங்குவது தவிர வழியில்லை. எனவே தொடங்கும் முன்பே இரண்டு செலவையும் சேர்த்துக் கேளுங்கள். கேப்புக்கு இப்போது கையில் இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விலை குறைந்த உலோகக் கேப்பும் கடைவாயில் நன்றாகவே உழைக்கும். சிரிக்கும்போது தெரியாத பல்லுக்கு ஜிர்கோனியா கட்டாயமில்லை.

பிடுங்குவதே சரி என்ற நிலையும் உண்டு. வாயின் கோடியில் படுத்துக்கிடந்து அடிக்கடி வீங்கும் ஞானப்பல்லுக்குப் பெரும்பாலும் அதுதான் வழி. தொந்தரவே தராத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-லேயே சொல்லிவிட்டது. மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை மங்கும் என்ற பயம் பாட்டி காலத்திலிருந்து வருகிறது. கண்ணுக்குப் போகும் பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் பல்லை எடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதய டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நாமாக நிறுத்தக் கூடாது.

பல் போன இடத்தில் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும், எலும்பு தேயும். கழற்றி மாட்டும் செட், இருபுறப் பற்களையும் ராவிக் கட்டும் பிரிட்ஜ், டைட்டானிய இம்பிளான்ட் என்று வழிகள் உண்டு. சுவீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்த இம்பிளான்ட், எலும்போடு டைட்டானியம் ஒட்டிவிடும் என்ற கண்டுபிடிப்பின் மேல் நின்றது. ஒட்டப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம். புகைப்பவருக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் தோல்வி அதிகம். ஆனால் எல்லா இடைவெளியையும் நிரப்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நெதர்லாந்தின் அர்ன்ட் கைசர் 1980-களின் தொடக்கத்திலேயே, எதிரெதிராகச் சேரும் சுமார் இருபது பற்கள் இருந்தால் பலருக்குச் சாப்பிடப் போதும் என்று காட்டினார். ஜப்பான் 1989-இல் ‘எண்பது வயதில் இருபது பற்கள்’ என்று இயக்கமே தொடங்கியது. கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்றை இழந்த அறுபது வயதுக்காரர், பிரச்சினை இல்லாவிட்டால் அப்படியே இருந்துவிடலாம்.

அந்த இருபதைச் சொத்தையைவிடச் சத்தமில்லாமல் கொண்டுபோவது ஈறு நோய். ஈறில் ரத்தம் கசிந்தால் நாம் அந்த இடத்தில் பிரஷ் போடுவதை நிறுத்துகிறோம். அழுக்கு இன்னும் சேர்ந்து காரையாக இறுகுகிறது. ‘கிளீன் பண்ணினா பல் ஆட ஆரம்பிச்சிடும்’ என்று பயப்படுகிறார்கள். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடும் பல்லைக் காரைதான் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தது. அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்கடங்காமல் செய்யும். புகைப்பவருக்கு ரத்தம் குறைவாகவே கசியும், அதனால் நோய் எளிதில் தெரியாது. பாக்கு போடுபவருக்கு வாய் திறப்பு குறைந்தாலும், ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலும், பல்லை விட்டுவிட்டு முதலில் அதைக் காட்ட வேண்டும். வெறும் பாக்குகூடப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்தியிருக்கிறது.

செலவுதான் தடை என்றால், சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே 1953-லிருந்து இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் ரூட் கெனாலும் கேப்பும் செய்கிறார்கள். மாணவர் கை என்பதால் ஒரு பல்லுக்கு நான்கைந்து முறை அலைய வேண்டியிருக்கும். வேலைக்கு லீவு போட முடியுமா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். காலையிலேயே போய் புறநோயாளிச் சீட்டு வாங்கிவிடுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.