பாட்டியின் தலைக்கு எண்ணெய் வைப்பவர் யார்?

தீபாவளி விடியற்காலை. கோலமிட்ட மனையில் பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் ஒருவர் பின் ஒருவராக வந்து அமர்கின்றனர். வீட்டின் மூதாட்டி, பூஜையறையில் வைத்திருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, ஒவ்வொருவர் உச்சந்தலையிலும் எண்ணெய் வைத்து ஆசி கூறுகிறார். அன்று எண்ணெயில் திருமகளும் வெந்நீரில் கங்கையும் எழுந்தருள்வதாக ஐதிகம். எல்லோரும் நீராடிப் புத்தாடை உடுத்தி அவரை வணங்குகின்றனர். அப்படியானால், அந்த மூதாட்டியின் தலைக்கு எண்ணெய் வைத்தவர் யார்? பல இல்லங்களில் ஒருவரும் இல்லை. கிண்ணத்தில் மிஞ்சியதில் தாமே ஒரு துளி தொட்டு வைத்துக்கொண்டு குளியலறைக்குச் சென்றுவிடுகிறார். வழுக்கி விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி, அந்தத் துளியையும் தவிர்ப்பவர்கள் உண்டு.

நம் ஆலயங்களில் இறைவனுக்கு எண்ணெய் சாத்தும் முறையை எண்ணிப் பாருங்கள். திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. ஆதலால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டி அவருக்குத் தைலக்காப்பு சாத்துவர். அது உலரும் வரை, ஏறத்தாழ 48 நாட்களுக்கு, அன்பர்களுக்குத் திருமுக மண்டல சேவை மட்டுமே. திருவடி சேவை இல்லை. ஐப்பசியில் கள்ளழகர் மலைமேல் உள்ள நூபுர கங்கைக்கு எழுந்தருளித் தைலக்காப்பு கண்டருள்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழியில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு உற்சவம்; அதற்கான தைலத்தை மூலிகைகள் சேர்த்துப் பல நாட்கள் பக்குவமாகக் காய்ச்சுகின்றனர். தீபாவளியையொட்டி நம்பெருமாளின் சந்நிதியிலிருந்து ஆழ்வார், ஆசாரியர் சந்நிதிகளுக்கு எண்ணெயும் சீயக்காயும் அனுப்பி வைக்கும் வழக்கமும் அரங்கத்தில் உண்டு. அடியார்களின் எண்ணெய்க் குளியலைக்கூட மறவாத பெருமாள்!

இந்தக் கைங்கரியங்களில் அவசரத்துக்கு இடமில்லை. திருமேனியில் படும் கை அழுத்துவதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்களின் உடலைத் தொடும் கைக்கும் இதுவே இலக்கணம் என்பது அடியேனின் எண்ணம்.

ஆயுர்வேதம் எண்ணெய் தேய்த்தலை 'அப்யங்கம்' என்கிறது. சரக சம்ஹிதை மூன்று உவமைகளைக் காட்டுகிறது. எண்ணெய் ஊறிய மண்குடம், எண்ணெயில் பதப்பட்ட தோல், எண்ணெய் இட்ட வண்டியச்சு ஆகியவை எப்படி உறுதி பெற்று உழைப்பைத் தாங்குகின்றனவோ, அப்படியே எண்ணெய் பூசிய உடலும் என்று அது விளக்குகிறது. அஷ்டாங்க ஹிருதயம் இயற்றிய வாக்படர், தலை, காது, பாதம் ஆகிய மூன்றிடங்களில் சிறப்பாகத் தேய்க்கச் சொல்கிறார். கபம் மிகுந்திருக்கும்போதும் அஜீரணத்தின்போதும் கூடாது என்ற விலக்கையும் உடன் வைத்திருக்கிறார். நம் சித்தர் மரபில் தேரையர், நோய் அணுகாமல் வாழ்வதற்கான விதிகளுள் ஒன்றாக, நான்கு நாட்களுக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கைக் கூறுகிறார். இவர்கள் எவரும் இதை ஆடம்பரமாகக் கருதவில்லை. உண்பது, உறங்குவது போல இதுவும் ஒரு நியமம்.

இக்கால மருத்துவம் என்ன சொல்கிறது? 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 68 பேர் பங்கேற்றனர். எட்டு வாரங்கள் முறையாக மசாஜ் பெற்றவர்களுக்கு வலியும் விறைப்பும் குறைந்து, நடமாட்டம் எளிதாயிற்று. தேய்ந்த மூட்டு மீண்டும் வளர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அப்படிச் சொல்லித் தைலம் விற்பவர்களை நம்ப வேண்டாம். ஆனால் வலி தணிவதும், இரவில் நல்ல உறக்கம் வருவதும் முதுமையில் சிறிய வரங்களா?

இன்னொரு செய்தி வியப்பைத் தரும். முன்கை, முதுகு போன்ற இடங்களின் தோலில், மெல்லிய வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் உள்ளன. விநாடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில், உடலின் இளஞ்சூடு கொண்ட கை தடவும்போதுதான் இவை நன்கு செயல்படுகின்றன. பரபரவென்று தேய்த்தால் இவற்றின் செயல் குறைந்துவிடும். தாய் குழந்தையைத் தடவிக் கொடுக்கும் வேகம் அது. முதியவர்களின் தோலிலும் இந்த இழைகள் காத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவர்களைத் தொடுவார்தாம் இல்லை. துணையை இழந்து தனித்திருக்கும் பெரியவர் ஒருவரை, இரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியரைத் தவிர வேறு எவரும் தொடாமலே வாரங்கள் கழிந்துவிடுவதுண்டு.

என் தாயார் எண்பது வயதைக் கடந்தபின், ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதோடு எண்ணெய் முழுக்கு நின்றது. சில மாதங்களுக்குப் பின், இரவில் உறக்கம் வரவில்லை என்று அவர் சொல்ல, கால்களுக்கு மட்டும் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தடவிவிட்டேன். முதல் நாள் கூச்சத்தால் காலை இழுத்துக்கொண்டார். மறுநாள் முதல், "போதுமப்பா, உனக்குக் கை வலிக்கும்" என்பார். காலை மட்டும் இழுத்துக்கொள்ள மாட்டார். அந்தப் பத்து நிமிடங்களில்தான் தம் பிறந்தகத்துக் கதைகளை எல்லாம் சொன்னார். அவற்றில் பாதியை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

ஆகவே, முழு உடல் முழுக்கு இயலாத பெரியவர்களுக்குப் பாதமும் கைகளும் போதும். எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, தடவுபவர் முதலில் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது. அவர்கள் "பரவாயில்லை" என்று சொல்வதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. அவர்களின் விரலிடுக்குகளில் எண்ணெய் தங்காமல் துடைத்துவிட வேண்டும். புண் இருக்கிறதா என்று பாதத்தைப் பார்க்கவும் இது நல்ல சமயம்.

சிலவற்றைக் கண்டிப்பாக விலக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் சூடும் தோன்றினால், கைவைத்துத் தேய்க்கவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். தேய்த்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்து உயிருக்கே ஆபத்தாகும். உடனே மருத்துவரிடம் செல்க. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்களுக்கு அழுத்தினால் தோலடியில் இரத்தம் கட்டும். எலும்பு தேய்ந்தவர்களின் முதுகில் ஏறி மிதிப்பது, கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுப்பது ஆகிய வீரச் செயல்கள் வேண்டவே வேண்டாம். காதுக்குள்ளும் மூக்கிலும் எண்ணெய் விடுவதை இக்காலக் காது மூக்கு மருத்துவர்கள் ஏற்பதில்லை. வாக்படர் சொன்ன காதுக்கு, மடலிலும் பின்புறத்திலும் தடவினால் போதும்.

தலை முழுகும் நாளில் ஆபத்து எண்ணெயில் இல்லை, தரையில் இருக்கிறது. எண்ணெய் தேய்ப்பதை அறையிலேயே, அசையாத நாற்காலியில் அமர்த்தி முடித்து, உள்ளங்கால்களைப் பயற்றமாவு தொட்டு நன்றாகத் துடைத்த பிறகே பெரியவரை எழச் செய்யுங்கள். குளியலறையில் ரப்பர் விரிப்பும், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் இருக்கட்டும். கதவைத் தாழிட வேண்டாம். இந்தச் சிறு ஏற்பாடு அன்று என் வீட்டில் இருந்திருந்தால் அம்மாவின் கை முறிந்திராது.

இளையவர் பெரியவர் தலையில் எண்ணெய் வைக்கலாமா என்று தயங்குவோர் உண்டு. பாதத்திலிருந்து தொடங்குங்கள், அது நமஸ்காரமே. வரும் தீபாவளியன்று எல்லோர்க்கும் எண்ணெய் வைத்து முடித்ததும், பாட்டியை நாற்காலியில் அமர்த்துங்கள். பேரன் ஒரு காலையும் பேத்தி மறுகாலையும் எடுத்துக்கொள்ளட்டும். வெடிகள் சற்றுக் காத்திருக்கலாம். நீராடி வந்தபின் தலையை ஈரம் போகத் துவட்டிவிட்டு, தீபாவளி லேகியம் சிறிது கொடுங்கள். பகலில் அவருக்கு மிளகு ரசமும் குழைந்த சாதமும் இருக்கட்டும். அன்று பகலுறக்கம் வேண்டாம் என்று பாட்டியே உங்களுக்குச் சொல்வார்.