பிக்கப் தொட்டிக்கு மின் இணைப்பு

பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் சரக்கு விளக்கு, சிறு பம்பு, சார்ஜிங் சாக்கெட் போன்றவற்றைப் பொருத்த, டெயில் லாம்ப் ஒயரைச் சீவி இணைப்பு எடுப்பது பலரும் பிடிக்கும் குறுக்கு வழி. அந்த மெல்லிய ஒயர் கூடுதல் சுமையைத் தாங்காது. பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுப்பதே முறை.

அந்த ஒயரில் முதலில் வர வேண்டியது ஃபியூஸ். அதுவும் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் முதலில் காப்பது விளக்கை அல்ல, ஒயரை. அதைத் தொட்டிப் பக்கம் வைத்தால், ஒயர் நடுவில் உரசி சேஸிஸைத் தொடும்போது தீயைத் தடுக்க எதுவும் இருக்காது.

அடுத்தது ஒயரின் தடிமன். 12 வோல்ட்டில் சிறு இழப்பும் பெரிது. 10 ஆம்பியர், போக வர 12 மீட்டர் என்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஏறக்குறைய 0.9 வோல்ட் வீணாகும். 6 சதுர மில்லிமீட்டரில் 0.4 வோல்ட்டுக்கும் குறைவு. 600 வாட் இன்வெர்ட்டரோ முழுச் சுமையில் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இவ்வளவு நீளத்துக்கு இந்த இரண்டு ஒயர்களும் போதாது.

அதிக மின்னோட்டம் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போகக் கூடாது; இடையில் ஒரு ரிலே வேண்டும். சுவிட்ச் ரிலேயின் 85, 86 முனைகளை மட்டும் இயக்கும். சுமை 30, 87 வழியே ஓடும். சுவிட்சுக்கான மின்சாரத்தை இக்னிஷனிலிருந்து எடுத்தால், விளக்கை அணைக்க மறந்தாலும் பேட்டரி இறங்காது.

ஒயர் தகட்டுத் துளையைக் கடக்குமிடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். சைலன்சர் குழாயை நெருங்கவே கூடாது. எர்த் இணைப்பில்தான் பெரும்பாலான கோளாறுகள் பிறக்கின்றன: பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் போல்ட் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும்.