நாரி நோவுக்குக் கத்தி வேண்டுமா?

“தங்கச்சி, ஒப்பரேசன் செய்தால் கன நாள் கூலி வேலைக்குப் போகேலாது. செய்யாட்டி கால் இழுத்துப் போடுமோ?” தனித்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு அக்கா அண்மையில் என்னிடம் கேட்டார்.

முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையே உள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும்போது நோ நாரியிலிருந்து பாதம்வரை இறங்குகிறது. பிதுங்கிய பகுதி பலருக்குத் தானாகவே சுருங்குவதுண்டு. நெதர்லாந்தில் 283 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2007இல் வெளியானது. சிறு கீறலுடன் விரைவில் சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்குக் கால் நோ சீக்கிரம் தணிந்தது. மற்றவர்கள் மாத்திரையுடனும், தேவைப்பட்டால் பிசியோதெரபியுடனும் பொறுத்திருந்தார்கள். ஒரு வருடத்தில் இரு பகுதியினரிலும் நூற்றுக்கு 95 பேரளவில் சுகமடைந்தார்கள். ஆனால் பொறுத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் இடையில் கத்திக்குப் போனவர்கள்தான். இதை மறைக்கக் கூடாது.

ஆகவே அவசரமில்லை. அதற்காகப் பாயில் கிடக்கவும் வேண்டாம்; இயன்றளவு நடவுங்கள். சிறுநீர் அடைத்தால், தொடையிடுக்கு மரத்தால், பாதம் தூக்க முடியாமல் விழுந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இன்னொன்று. உடம்பில் செல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் காந்தம் உலோகத்தை அசைக்கலாம். அந்த அக்காவின் இடுப்பிலும் ஒன்று இருக்கிறது. கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.