முதுகெலும்பின் முறையீடு

உழவர்களே தேசத்தின் முதுகெலும்பு என்று மேடைக்கு மேடை நாம் முழங்கி வருகிறோம். ஆனால் அவ்வுழவர்களுடைய முதுகெலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்தவர் வெகு சிலரே. நடவுக் காலத்தில் சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் அவ்வயல்களில், முழங்காலை மடக்காமல் இடுப்பை மாத்திரம் வளைத்துப் பெண்கள் வரிசையாக நாற்று நடுகிறார்கள். மணிக்கணக்காக அதே கோலம். கரையேறுகிறவளிடம், "இடுப்பு வலிக்கவில்லையா, அம்மா?" என்று கேட்டால், "வலிக்காத நாளைச் சொல்லுங்கய்யா!" என்றுதான் பதில் கிடைக்கும்.

இது வயலோடு நின்றுவிடவில்லை. கீழமாசி வீதியில் மூட்டை சுமப்பவர், தறியில் அமரும் நெசவாளர், பேருந்து ஓட்டுநர், கணினியின் முன் குனிந்திருக்கும் குமாஸ்தா, குட்டைத் துடைப்பத்தால் வீடு பெருக்கும் பெண்மணி ஆகிய எல்லோருக்கும் இது பொதுவான உபத்திரவம். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் வருந்தினர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

இடுப்பின் அமைப்பு

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உடலின் மேற்பாரமெல்லாம் இவற்றின் மீதுதான் இறங்குகிறது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்றதொரு தட்டு. பின்புறம் இரு பக்கமும் சிறு மூட்டுகள். சுற்றிலும் தசையும் நாரும். பெரியவர்களுடைய தட்டுக்குள் இரத்தக் குழாய் அநேகமாக இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வைகை மணலில் ஊற்றுத் தோண்டினால் பக்கத்திலிருந்து நீர் கசிந்து வருவது போல, அண்டையிலுள்ள எலும்பிலிருந்து கசிந்து வருவதே அதற்கு ஆகாரம். ஆகையால் அது தன்னைச் செப்பனிட்டுக்கொள்வது வெகு மெதுவாகவே நடைபெறுகிறது. வயது ஏற ஏறத் தட்டு வற்றித் தேய்வது, தலை நரைப்பதைப் போல இயல்பான காரியம்.

வலியே இல்லாதவர்களுடைய முதுகைப் படம் பிடித்துப் பார்த்த பல ஆராய்ச்சிகளை 2015-இல் ஒருங்கு திரட்டினார்கள். 20 வயதினரில் 100-க்கு 37 பேருக்கும், 80 வயதினரில் 100-க்கு 96 பேருக்கும் தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. ஆதலின், "தட்டு தேய்ந்திருக்கிறது" என்று படத்தில் கண்டவுடன் குடும்பமே நடுங்க வேண்டியதில்லை. இடுப்பு வலிக்காரர்களில் 100-க்கு 90 பேருக்கு, இன்ன எலும்பினால்தான், இன்ன தட்டினால்தான் என்று திட்டமாகச் சொல்லக்கூடிய காரணமே அகப்படுவதில்லை.

மிதியும் படுக்கையும்

திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டால் "வாயு" என்று பெயர் வைத்துவிட்டு, காலால் பிறந்த ஒருவரைத் தேடிப் பிடித்து மிதிக்கச் சொல்லும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. வலியும் போய்விடும், மிதித்தவருக்குப் புகழும் வந்துவிடும்! உண்மையில் இத்தகைய பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும் சுபாவமுடையது. மிதித்தாலும் தணியும், மிதிக்காவிட்டாலும் தணியும். எலும்பு பலவீனப்பட்ட முதியவர்களை மிதித்தாலோ முறிவு நேரக்கூடும். உப்பு ஒத்தடம் கொடுப்பதில் பிழையில்லை. சூடு இதம் தரும்.

பாயை விரித்துப் படுத்துக் கிடப்பது மற்றொரு பழக்கம். பின்லாந்து தேசத்தில் 186 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 1995-இல் வெளியாயிற்று. இரண்டு நாள் படுத்திருந்தவர்களைக் காட்டிலும், வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்களே விரைவில் தேறினார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் சில வழிகளை வகுத்துத் தந்தது. உடற்பயிற்சி, நோயின் தன்மையைப் பொறுமையாக விளக்குதல், மனத் தளர்ச்சிக்கும் சிகிச்சை ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு. இடுப்பில் கச்சை கட்டுவதையும், எடை தொங்கவிட்டு இழுப்பதையும் அது வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை. தினந்தோறும் நடப்பது, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது, குடத்தை எடுக்கும்போது முழங்காலை மடக்கி அதை உடலோடு அணைத்துக்கொள்வது, இவற்றை எவரும் பழகலாம். கடையில் வாங்கிய வலி மாத்திரையை நாட்கணக்கில் விழுங்குவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும்.

அலட்சியம் கூடாத அறிகுறிகள்

எல்லா வலியும் தானே போய்விடும் என்று இருப்பதும் ஆபத்து. சிறுநீர், மலம் அடங்காமற் போனாலும், சிறுநீர் கழியாமல் நின்றாலும், தொடையிடுக்கில் மரத்துப் போனாலும், கால் வலுவிழந்தாலும் அன்றைய தினமே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் உறங்கவிடாத வலி என்றால் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 45 வயதுக்கு உட்பட்டவருக்குக் காலையில் முதுகு விறைத்து, நடமாடினால் குறைந்து, ஓய்வில் மிகுந்து, மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடித்தால் அது முதுகு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். மருந்து உண்டு, தாமதித்தால் முதுகு வளைந்து இறுகிவிடும்.

முதுகெலும்புக் காசநோய் என்று கேட்டதும் மனம் தளர வேண்டாம். முன்காலத்தில் அதற்கும் மாதக்கணக்கான படுக்கையே விதியாயிருந்தது. 1970-களில் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியில், நடமாடிக்கொண்டே முறையாக மருந்து உட்கொண்டவர்களில் பெரும்பாலோர் குணமடைந்தனர். நம் நாட்டு நோயாளிகளிடம் நம் நாட்டிலேயே கண்ட உண்மை இது.

கருவியைத் திருத்துவோம்

இனி, சோழவந்தான் வயலுக்குத் திரும்புவோம். "நிமிர்ந்து நில்லுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று நடவுப் பெண்ணிடம் உபதேசிப்பது எளிது. அவளுடைய வேலையே அவளை வளைக்கும்போது உபதேசம் என்ன செய்யும்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் குட்டைப் பிடி வைத்த களைக்கொத்தைக் கொண்டு தொழிலாளர்கள் நாள் முழுவதும் குனிந்தே வேலை செய்தனர். நீண்ட பிடி கொடுத்தால் விளைச்சல் கெடும் என்று முதலாளிகள் வாதித்தார்கள். 1975-இல் அக்கருவி தடை செய்யப்பட்டது. பயிர்த்தொழில் ஒன்றும் அழிந்துவிடவில்லை, முதுகுகள் பிழைத்தன.

நம் வயல்களிலும் வரிசையாக நட்ட நெல்லில் நின்றபடியே தள்ளிச் செல்லும் களைக்கருவி வந்திருக்கிறது. நடவு இயந்திரமும் வந்திருக்கிறது. ஆனால் அதனால் முதுகு பிழைத்தாலும் கூலி போய்விடுமே என்ற அச்சம் நியாயமானது. அந்த இயந்திரத்தை இயக்கும் பயிற்சியையும் அப்பெண்களுக்கே அளிப்பதுதான் முறை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீடு தேடி வருவதற்கும் வகை செய்யப்பட்டது. அண்டையில் உள்ள எளியோருக்கு இச்செய்தியை எடுத்துச் சொல்வது படித்த குடும்பங்களின் கடமை.

நம் வீட்டிலேயே தொடங்கலாம். வேலை செய்ய வரும் அம்மாளின் கையில் இன்றே நீண்ட பிடியுள்ள துடைப்பம் ஒன்றைக் கொடுப்போம். தேசத்தின் முதுகெலும்பு என்று பெயர் சூட்டியது போதும். அந்த முதுகுகள் நிமிர வழி தேடுவோம்.