வாலில் ஏறிய பாரம்

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் விமானத்தின் ஒலி கேளாத வீடு அரிது. முருகேஷ்பாளையத்திலும் அல்சூரிலும் வாழ்வோர்க்கு அது சேவல் கூவும் ஓசைபோல் பழகிப்போன ஒன்று. வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபரின் முயற்சியாலும் மைசூர் அரசின் துணையாலும் 1940ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நகரில் விமானத் தொழிற்சாலை தோன்றியது. டாக்டர் வி. எம். காட்டகே தலைமையில் உருவான எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் இங்கே வானேறியது. 1961இல் மாருத், 2001 ஜனவரி 4இல் தேஜஸ் எனப் பின்வந்தவையும் முதன்முதலாகச் சிறகு விரித்தது இந்நகரத்து வானில்தான்.

ஆகவே இவ்வூர்ச் சிறுவன் ஒருவன் அண்ணாந்து பார்த்து, "நாமும் ஒன்று செய்தால் என்ன?" என்று கேட்பது வியப்பன்று. எட்டாம் வகுப்பில் பயிலும் நம் மூத்த மகன் சென்ற தீபாவளிக்கு முன் அக்கேள்வியைக் கேட்டான். பட்டாசும் வேண்டா, புத்தாடையும் வேண்டா. பால்சா மரத்தால் ஒரு சிறு விமானம் கட்டி, தரையில் நின்றபடியே வானொலி அலையால் அதனை இயக்க வேண்டும் என்றான். அம்முயற்சியில் நாம் செய்த பிழையையும் அதைத் திருத்திய விதத்தையும் சங்க அன்பர்கள் அறிந்தால், அவர்தம் இல்லங்களிலும் பயன்படக்கூடும் என்றெண்ணி இதனை எழுதலானோம்.

நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறியதோடு நம் படிப்பு நின்றது. இரயில்வேயில் எழுத்தர் வேலை. பார்சல்களை நிறுத்து எடையைப் பதிவதே நாள்தோறும் நம் தொழில். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதன் பொருள் விளங்கும்.

தெப்பமான மரம்

பால்சா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்பது பொருள். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இயற்கையாக வளரும் இம்மரம் இன்று பெரும்பாலும் ஈக்குவடார் நாட்டிலிருந்து உலகெங்கும் செல்கிறது. ஒரு கன மீட்டர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ளது. அதே அளவு பால்சாவோ 100 முதல் 200 கிலோவுக்குள் அடங்கும். 1947இல் தோர் ஹெயர்டால் என்னும் நார்வே நாட்டவர், இம்மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த 'கோன்-டிக்கி' என்னும் தெப்பத்தில் பெரு நாட்டினின்று புறப்பட்டு, 101 நாட்கள் பசிபிக் மாக்கடலில் மிதந்து பாலினேசியத் தீவுகளை அடைந்தார். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பயன்படுத்திய மஸ்கிட்டோ விமானத்தின் உடல், இரண்டு மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்து ஒட்டியதேயாகும். கட்டுமரம் கண்ட நமக்கு, மிதக்கும் மரமே பறக்கவும் செய்யும் என்பது புரியாத செய்தியன்று.

கட்டிய விதம்

தேவையான பொருள்களை எஸ். பி. சாலைக் கடைகளில் வாங்கினோம். புத்தாடைப் பணத்தோடு, நம் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்ததில் ஒரு பகுதியும் சேர்ந்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய். அதில் பாதி, கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டருக்கே சென்றது. ஆனால் அடுத்தடுத்துக் கட்டும் விமானங்களுக்கும் அதுவே போதும்.

தரையில் ஒரு பழைய கதவுப் பலகையை இட்டு, அதன்மேல் வரைபடத்தை விரித்து, அதன்மேல் பசை ஒட்டாதவாறு மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பரப்பிக்கொண்டோம். சிறகின் நீளம் 90 சென்டிமீட்டர். அகலம் 17 சென்டிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் விலா எலும்பு போன்ற சட்டங்களைப் பிளேடால் வெட்டி, அவற்றின் ஊடே முதுகெலும்பாக ஒரு நீண்ட சட்டத்தைக் கோத்து, குண்டூசிகளால் வரைபடத்தின்மேல் நிறுத்தி ஒட்ட வேண்டும். காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, சூடு பட்டால் இறுகும் மெல்லிய வண்ணப் படலத்தை இஸ்திரிப்பெட்டியால் போர்த்த வேண்டும். இவ்வளவே சிறகு.

இவ்வேலையில் எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது. ஆங்கிலப் பள்ளியில் பயிலும் மகன் ஒவ்வோர் உறுப்பையும் ஆங்கிலப் பெயராலேயே சொன்னான். வாலில் நிமிர்ந்து நின்று இடமும் வலமும் திருப்பும் பலகைக்குத் தமிழில் என்ன என்று கேட்டான். "சுக்கான்" என்றோம். கப்பலோட்டிய முன்னோர் வைத்த பெயர் விமானத்துக்கும் பொருந்தியது கண்டு அவனுக்கு மகிழ்ச்சி. சிறகு, விலா, முதுகெலும்பு, மூக்கு, வால் எனப் பறவையின் உடலைக் கொண்டே ஏனையவற்றுக்கும் பெயரிட்டான்.

எடைக் கணக்கை அவனே ஒரு குறிப்பேட்டில் எழுதினான். மோட்டார் 50 கிராம், அதன் வேகத்தை ஆளும் கருவி 25, மின்கலம் 85, சுக்கானையும் வாலின் ஏற்ற இறக்கப் பலகையையும் அசைக்கும் சர்வோக்கள் இரண்டு 18, ரிசீவர் 10. இவை ஏறக்குறைய 190 கிராம். மரமும் போர்வையும் பசையும் 210 கிராமுக்குள் அடங்கினால் மொத்தம் 400 கிராம். அதுவே அவன் இலக்கு.

நாம் செய்த பிழை

கோலார் தங்கவயலில் நம் மாமனார் வீடு. 2001இல் சுரங்கம் மூடப்படும்வரை அங்கே உழைத்தவர் அவர். பொங்கலுக்கு உறவினர் அனைவரும் அங்கே கூடுவது வழக்கம். அவர்கள் கண்முன் பேரனின் விமானம் பறக்கப் போகிறது என்றவுடன் நமக்குள் ஒரு பெருமை புகுந்தது. பெருமை புகுந்த இடத்தில் கணக்கு நிற்பதில்லை.

மெல்லிய படலம் கண்ணுக்கு ஏழ்மையாகத் தோன்றவே, உடலுக்கும் வாலுக்கும் எனாமல் வண்ணத்தை மூன்று முறை பூசினோம். வால் முறிந்துவிடுமோ என அஞ்சி இரு பக்கமும் மரக்கீற்றுகளை வைத்துப் பசையால் நிரப்பினோம். வரைபடத்தில் சிறகின் இரு முனைகளும் சற்றே மேல்நோக்கி இருந்தன. போர்விமானத்தின் படத்தைப் பார்த்து, அதுவே அழகு என்று அவற்றை நேராக்கினோம்.

"அப்பா, வால் கனக்கிறதே" என்றான் மகன்.

"உறுதி வேண்டாமா? பேசாமல் இரு" என்றோம்.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாட்காலை, பங்காருப்பேட்டைப் பக்கம் கேழ்வரகு அறுவடையான ஒரு வயலில், உரியவரின் இசைவு பெற்று நின்றோம். டிரான்ஸ்மிட்டரையும் நாமே வாங்கிக்கொண்டோம். மைத்துனர் விமானத்தை எறிந்தார். அது மூக்கை நிமிர்த்தி, பட்டம்போல் செங்குத்தாக ஏறி, ஒரு கணம் அசையாது நின்று, இடப்பக்கமாகப் புரண்டு வயலில் வீழ்ந்தது. 1871இல் அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர் இரப்பர் நாடாவை முறுக்கிப் பறக்கவிட்ட மாதிரி விமானம் 11 விநாடிகள் வானில் நின்றது. நம்முடையது அதில் பாதிநேரமும் நிற்கவில்லை.

குழந்தைகள் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை, அழவுமில்லை. உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் கட்டிக்கொண்டான். அன்று மாலை மாரிக்குப்பம் வண்டியில் திரும்பும்போது அவன் உறங்கிவிட, மடியிலிருந்து நழுவிய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். பொங்கலுக்கு முன்தினத் தேதியிட்டு எழுதியிருந்தான்: 'எடை 520. மையம் 48இல் இருக்க வேண்டும். 70இல் இருக்கிறது.' அதன் கீழே வேறொன்றும் இல்லை. நாம்தாம் பேசாமலிருக்கச் சொல்லியிருந்தோமே!

திருத்திய விதம்

அந்த எண்களின் பொருளை அவனிடமே கேட்டுக் கற்றோம். சிறகின் அடியில் இரு விரல் நுனிகளை வைத்து விமானத்தைத் தூக்கினால் எவ்விடத்தில் அது சாயாமல் நிற்கிறதோ அதுவே எடை மையம். இத்தகைய விமானத்தில் அது சிறகின் அகலத்தில் கால் பங்கிலிருந்து சற்றுப் பின்னுக்குள் இருத்தல் வேண்டும். 170 மில்லிமீட்டர் அகலத்துக்கு முன்விளிம்பினின்று 48 மில்லிமீட்டர். மையம் பின்னே செல்லச் செல்ல மூக்கு நிமிரும்; நிமிர்ந்தால் வேகம் குறையும்; வேகம் குறைந்தால் சிறகின்மேல் காற்று ஒழுங்காகப் படியாமல் பிரிந்துபோகும்; தூக்கும் விசை திடீரெனக் குன்றும். நம் விமானம் வீழ்ந்தது இதனால்தான். மொத்த எடை 30 சதவீதம் கூடியதால், வீழாமல் பறப்பதற்கு வேண்டிய குறைந்த வேகமும் 14 சதவீதம் கூடிவிட்டது.

மூக்கில் ஈயத்துண்டைக் கட்டிச் சமன் செய்யலாமே என்றோம். "பாரத்துக்குப் பாரமா, அப்பா? வாலில் குறைப்போம்" என்றான். வால் எடை மையத்திலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. வெள்ளிக்கோலில் குண்டு தண்டின் கோடிக்குச் செல்லச் செல்ல அதன் வலிமை பெருகுவதுபோல, அங்கே ஏறும் ஒவ்வொரு கிராமும் பன்மடங்காக வேலை செய்கிறது. பழைய வாலை எறிந்துவிட்டு, மெல்லிய சட்டங்களால் ஏணிபோல் ஒன்று கட்டிப் படலம் போர்த்தினோம். குறைந்தது 20 கிராமே. ஆனால் மையம் 70இலிருந்து 52க்கு வந்துவிட்டது. மின்கலத்தை 25 மில்லிமீட்டர் முன்னே தள்ளியதும் 48 ஆயிற்று. உடலின் எனாமலைத் தேய்த்தெடுத்ததில் மேலும் 40 கிராம் போயிற்று. அது மையத்தின் அருகிலேயே இருந்ததால் சமநிலை மாறவில்லை. 400 கிராம் இலக்கை எட்டாவிடினும் 460 கிராமில் நின்றோம்.

மற்றொன்று சிறகு. நம் விமானத்தில் திருப்புவதற்குச் சுக்கான் ஒன்றே உண்டு. சிறகில் அசையும் பலகைகள் இல்லை. முனைகள் மேல்நோக்கியிருந்தால்தான் சுக்கான் திரும்பும்போது விமானம் ஒருபுறம் சாய்ந்து வளையும். காற்றில் ஆடினாலும் தானே நிமிரும். நடுவில் அறுத்து, ஒவ்வொரு முனையையும் 4 சென்டிமீட்டர் உயர்த்தி ஒட்டினோம். நாம் அழகென்று நீக்கியது அழகுக்காக வைக்கப்பட்டதன்று என அப்போதுதான் உணர்ந்தோம்.

அன்பர்க்குச் சில எச்சரிக்கைகள்

மோட்டாரை மேசைமேல் சோதிக்கும்போது சுழல்விசிறியைக் கழற்றிவிடுக. சிறு விசிறியும் விரலைப் பிளக்கும். லித்தியம் மின்கலத்தை அதற்குரிய சார்ஜரில் மட்டும், ஒருவர் அருகிலிருக்கும்போது மட்டும் மின்னேற்றுக. உப்பிய மின்கலத்தைப் பயன்படுத்தற்க. பறக்கவிடுமுன் சுக்கானும் வால் பலகையும் சொன்ன திசையில் திரும்புகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க.

சட்டமும் அறிதல் வேண்டும். இத்தகைய கருவிகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, குறித்த ஆற்றலுக்குள் இயங்கும்வரை, தனி உரிமம் வேண்டா என 2005இல் அரசு அறிவித்தது. ஆயினும் வானம் அனைவர்க்கும் பொது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் கண்பார்வைக்குள் பறக்கும் மாதிரி விமானங்களையும் குறிப்பிடுகின்றன. அவ்வாண்டு வெளியான வரைபடம் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்தது. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 12 கிலோமீட்டர் வரை மஞ்சள் மண்டலம் பரவக்கூடும். எச்.ஏ.எல்., ஜக்கூர், எலகங்கா, தேவனஹள்ளி என விமானத்தளங்கள் பலவற்றை உடைய நம் நகரில், வீட்டு மாடியும் பூங்காவும் இதற்கு ஏற்ற இடங்களல்ல. நடப்பிலுள்ள விதியையும் வரைபடத்தையும் பார்த்த பின்னரே இடம் தேர்க.

மீண்டும் அதே வயல்

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்று எழுமுன் காலை ஏழு மணிக்கு அதே வயலுக்குச் சென்றோம். இம்முறை உறவினர் கூட்டம் இல்லை; மாமனார் மட்டும் வரப்பில் அமர்ந்திருந்தார். பல வாரங்கள் கணினியில் பறக்கும் பயிற்சி செய்திருந்த மகனிடம் டிரான்ஸ்மிட்டரைக் கொடுத்துவிட்டு, விமானத்தை எறியும் வேலையை நாம் ஏற்றோம். கையைவிட்டுச் சென்றது சற்றே தாழ்ந்து, பின் சமமாக எழுந்து, மாந்தோப்பின் பக்கம் சாய்ந்து வளைந்து, தலைக்குமேல் வந்தது. ஆறு நிமிடம் பறந்து, அறுத்த தாள்களின்மேல் வழுக்கி நின்றது. "இன்னொரு தரம் விடச் சொல்" என்றார் மாமனார். மகன் முதலில் மின்கலத்தைத் தொட்டுச் சூடு பார்த்தான். பிறகே சரி என்றான்.

மறுநாள் பார்சல் அலுவலகத்தில் தராசின் முன் நின்றோம். பத்தாண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் எத்தனையோ மூட்டைகளை நிறுத்திருக்கிறோம்; ஒரு கிலோ கூடினாலும் விடுவதில்லை. நம் மகன் இருபது கிராமைப்பற்றிச் சொன்னபோது மட்டும் செவிகொடுக்கவில்லை. நாம் படியாத படிப்பை அவன் படிக்க வேண்டும் என்னும் ஆசையில், அவன்மேல் எத்தனை பூச்சுகளைப் பூசியிருக்கிறோமோ என்றும் எண்ணினோம்.

இப்போது அடுத்த விமானத்துக்கு வரைபடம் தயாராகிறது. வண்ணம் வேண்டுமா என்று கேட்டோம். "பெயர் மட்டும் எழுதலாம், அப்பா. சிறகின் நடுவில், தமிழில்" என்றான்.